மிர்ட்டில்ஸ் மாளிகை: பேயாக்கப்பட்டவளும் பெயர் தெரியாமல் போனவர்களும்

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் செயின்ட் பிரான்சிஸ்வில் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்த ஊரின் ஓரத்தில், பாசி தொங்கும் ஓக் மரங்களுக்கு நடுவே, மிர்ட்டில்ஸ் என்ற பழைய மாளிகை நிற்கிறது. நீளமான முன் வராந்தா, அதற்குத் திராட்சைக் கொத்து வடிவத்தில் வார்த்த இரும்புக் கைப்பிடிச் சுவர், உள்ளே படிக விளக்குகள், சுவர் உச்சியில் சுண்ணச்சாந்து வேலைப்பாடு. இன்று அது தங்கும் விடுதி. அமெரிக்காவிலேயே மிக அதிகமாகப் பேய் நடமாடும் வீடுகளில் ஒன்று என்பதுதான் அதன் புகழ். அதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து இரவு தங்கிப் போகிறார்கள்.

அங்கே சொல்லப்படும் முக்கியமான கதை இது. 1820களில் வீட்டின் எஜமானராக இருந்தவர் கிளார்க் உட்ரஃப். அவர் வீட்டில் வேலை செய்த அடிமைப் பெண் க்ளோயி. எஜமானர் அவளைத் தன் ஆசைக்கு இணங்க வைத்திருந்தார். அவர் தன்னைக் கைவிட்டால் வயல் வேலைக்குத் துரத்திவிடுவாரோ என்ற பயத்தில் க்ளோயி கதவருகே நின்று பேச்சை ஒட்டுக்கேட்கிறாள். கையும் களவுமாகப் பிடிபடுகிறாள். தண்டனையாக அவள் காதை அறுத்துவிடுகிறார்கள். அந்தக் காயத்தை மறைக்க அவள் தலையில் பச்சைத் துணி சுற்றிக்கொள்கிறாள். பிறகு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் அரளி இலையைக் கொதிக்க வைத்த சாற்றைக் கலக்கிறாள். பழிவாங்கத்தான் என்று சிலர் சொல்வார்கள். உடம்புக்கு முடியாமல் போனவர்களுக்குத் தானே பணிவிடை செய்து மறுபடி நல்ல பெயர் வாங்கத்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். விஷம் அளவு மீறிப் போகிறது. எஜமானரின் மனைவி சாரா மட்டில்டாவும் இரண்டு பெண் குழந்தைகளும் இறந்து போகிறார்கள். தங்கள் தலைக்கும் ஆபத்து வரும் என்று பயந்த மற்ற அடிமைகளே க்ளோயியை இழுத்துப் போய்த் தூக்கில் போட்டு, உடலில் கல்லைக் கட்டி மிசிசிப்பியில் எறிகிறார்கள். அன்றிலிருந்து பச்சைத் தலைத்துணியோடு அவள் வீட்டைச் சுற்றி வருகிறாள்.

நன்றாகக் கட்டப்பட்ட கதைதான். காமம், தண்டனை, விஷம், குழந்தைகளின் சாவு, கடைசியில் தூக்கு என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் பதிவேடுகளைத் திறந்து பார்த்தால் க்ளோயி இல்லை. உட்ரஃப் குடும்பத்தின் சொத்துப் பத்திரங்களைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு பெண் கிடைக்கவே இல்லை. க்ளியோ என்று சிலர் மாற்றிச் சொல்வார்கள், அந்தப் பெயரும் இல்லை. யாரும் யாருக்கும் விஷம் வைத்ததாகவும் பதிவு இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. சாரா மட்டில்டா 1823இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவருடைய இரண்டு குழந்தைகள் அடுத்த ஆண்டு, 1824இல், அதே நோயில் இறந்தார்கள். அவர்கள் இரண்டு பெண்கள் அல்ல. ஒருவன் ஜேம்ஸ் என்ற பையன், இன்னொருத்தி கார்னீலியா கேல். ஒரே மேசையில் ஒரே கேக்கைத் தின்று ஒரே நாளில் செத்தார்கள் என்று கதை சொல்லும் மூவரில், தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஓர் ஆண்டு இடைவெளி இருக்கிறது. மூன்றாவது குழந்தை மேரி ஆக்டேவியா பிழைத்து வளர்ந்து திருமணமும் செய்துகொண்டார். உட்ரஃபையும் அந்த வீட்டில் யாரோ கொன்றதாக ஒரு கிளைக்கதை உண்டு. அவர் 1834இல் மாளிகையை விற்றுவிட்டு, 1851இல் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார்.

சரி, காய்ச்சலில் போனவர்கள் எப்படி விஷத்தில் போனவர்களாக ஆனார்கள்? அதைப் புரிந்துகொள்ள வீட்டின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இந்த வீட்டைக் கட்டியவர் டேவிட் பிராட்ஃபோர்ட். தொழிலால் வழக்கறிஞர், வரலாற்றில் அவர் பெயர் நிற்பது ஒரு கலகத்தால். 1791இல் அமெரிக்காவின் புதிய மத்திய அரசு சாராயத்துக்கு வரி போட்டது. மேற்கு பென்சில்வேனியாவின் மலைப்பக்கத்து விவசாயிகளுக்குத் தானியத்தை மூட்டையாகச் சந்தைக்குக் கொண்டுபோவதைவிட விஸ்கியாகக் காய்ச்சிக் கொண்டுபோவதே கட்டுப்படியாகும். அந்த விஸ்கியில் கைவைத்ததும் கொதித்தெழுந்தார்கள். 1794இல் அது ஆயுதக் கலகமாகவே மாறியது. வாஷிங்டன் என்ற சிற்றூரில் அரசு வழக்கறிஞராக இருந்த பிராட்ஃபோர்ட், கலகக்காரர்களின் தலைவர்களில் ஒருவரானார். அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார், கொஞ்ச தூரம் அவரே கூடப் போனார். கலகம் சண்டையே இல்லாமல் கலைந்தது. பலருக்கு மன்னிப்புக் கிடைத்தபோது பிராட்ஃபோர்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாகத் தெற்கே தப்பி, அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பகுதிக்கு வந்து சேர்ந்தார். ஸ்பானிய அரசிடம் நிலம் பெற்று, 1796இல் வீடு கட்டினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. அதற்கு லாரல் குரோவ் என்று பெயர் வைத்தார். 1799இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் மன்னிப்பு வழங்கினார். 1808இல் பிராட்ஃபோர்ட் இறந்தார். பென்சில்வேனியாவில் அவர் விட்டுவிட்டு வந்த வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

வரி எதிர்ப்பில் சுதந்திரம் பேசிய அதே மனிதர், தெற்கே வந்ததும் அடிமைகளின் உழைப்பை வைத்துத் தோட்டம் நடத்தினார். மாளிகையைச் சுற்றிக் காட்டும்போது கலகக்காரர் என்ற வீரக்கதை எப்போதும் முன்னால் வருகிறது. வீட்டு வேலையும் வயல் வேலையும் யார் செய்தார்கள் என்பது பின்னால்தான் வருகிறது. எனக்கு இந்த வரிசைதான் பெரிய உறுத்தல்.

பிராட்ஃபோர்டின் மகள்தான் சாரா மட்டில்டா. 1817இல் உட்ரஃபுக்கு மனைவியானார். அவரும் குழந்தைகளும் போனபின், 1834இல் வீட்டை வாங்கியவர் ரஃபின் கிரே ஸ்டர்லிங் என்ற பெரும் பணக்காரத் தோட்ட முதலாளி. இப்போது நாம் பார்க்கும் ஆடம்பரம் பெரும்பாலும் ஸ்டர்லிங் காலத்தது. வீட்டை ஏறக்குறைய இரண்டு மடங்காக நீட்டி, பெயரையும் மாற்றினார். சுற்றியிருந்த கிரேப் மிர்ட்டில் மரங்கள்தான் புதுப்பெயருக்குக் காரணம். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பூமரம் அது, நம் ஊர்ப் பூமருதின் நெருங்கிய உறவு.

ஸ்டர்லிங் குடும்பத்துக்கும் சாவு குறையவில்லை. ஒன்பது பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இளமையிலேயே இறந்தார்கள். ஸ்டர்லிங் 1854இல் காசநோயில் இறந்தார். அதே ஆண்டு அவர் மகன் லூயிஸும் இறந்தார். சூதாட்டக் கடனுக்காக அந்த மகனை வீட்டுக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள் என்பது பேய்க்கதை. அவரைக் கொன்றது மஞ்சள் காய்ச்சல்.

மஞ்சள் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டின் உண்மையான கொலைகாரன் அதுதான். ஏடிஸ் கொசு பரப்பும் வைரஸ் நோய் இது. நமக்கு டெங்குவைத் தரும் அதே கொசு. முதலில் காய்ச்சல், முதுகுவலி, வாந்தி. சிலருக்கு ஓரிரு நாள் குணமானது போலத் தெரியும். பிறகு திரும்ப வந்து தாக்கும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகும், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து கறுப்பு வாந்தி வரும். கொசுதான் காரணம் என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் சொன்னார். வால்டர் ரீட் தலைமையிலான குழு 1900இல் அதை உறுதிப்படுத்தும் வரை உலகம் முழுதாக நம்பவில்லை. அதற்கு முன்பு சேற்று வாடை, கெட்ட காற்று என்று எதை எதையோ காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு கோடையும் ஆற்றங்கரை ஊர்களில் பயத்தோடுதான் தொடங்கும். சாரா மட்டில்டா இறந்த அதே 1823இல், ஆற்றின் மேற்புறம் இருந்த நாச்செஸ் நகரையும் இந்த நோய் புரட்டிப் போட்டது. 1853இல் நியூ ஆர்லியன்ஸில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் செத்தார்கள்.

நன்றாக இருந்த ஒரு இளம்பெண் சில நாட்களில் கறுப்பாக வாந்தியெடுத்து இறந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு, காரணம் தெரியாதபோது, விஷம் என்ற நினைப்பு வருவதில் வியப்பில்லை. ஆனால் 1823இல் யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. விஷக் கதை நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் வருகிறது.

அது வந்த வழியை ஓரளவு தொடர முடிகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம்ஸ் என்ற குடும்பம் வீட்டை வாங்கி இரண்டு தலைமுறை வாழ்ந்தது. அந்தக் குடும்பத்து அத்தைமார்கள் பச்சை நிறத் தலைத்தொப்பி போட்ட ஒரு கிழவிப் பேயைப் பற்றி வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்களாம். அந்தக் கிழவிக்குப் பெயரில்லை. அவள் அடிமை என்றோ கொலைகாரி என்றோ யாரும் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கச் சொன்ன குடும்பக் கதை, அவ்வளவுதான். 1950களில் நிலம் பிரிக்கப்பட்டு, வீடு வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் கைக்குப் போனது. வீட்டில் ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று அவர் ஊராரிடம் விசாரிக்க, இந்தப் பச்சைத் தொப்பிக் கதை அவர் காதுக்கு எட்டியது. அதன்பின் வீடு கை மாறக் கைமாறக் கதையும் வளர்ந்தது. மாளிகை விடுதியான காலத்தில் கிழவி இளம்பெண் ஆனாள், அவளுக்கு ஒரு பெயர் வந்தது, பச்சைத் தொப்பி பச்சைத் தலைத்துணியானது. தலைத்துணி எதற்கு என்ற கேள்விக்குப் பதிலாக அறுந்த காது வந்தது. காது ஏன் அறுந்தது என்பதற்கு ஒட்டுக்கேட்டது காரணமானது. உட்ரஃப் வீட்டுச் சாவுகள் ஏற்கெனவே கல்லறைப் பதிவில் இருந்தன, அவற்றைக் கொண்டுவந்து இவள் தலையில் கட்டியாயிற்று.

1992இல் வீட்டின் உரிமையாளர் காப்பீட்டுக்காக எடுத்த ஒரு புகைப்படத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆள் நிற்பது போல ஒரு நிழல் தெரிந்தது. அதுதான் க்ளோயி என்று அஞ்சல் அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வந்தன. அதோடு க்ளோயி நிலைத்துவிட்டாள்.

மற்ற கதைகளும் இப்படித்தான். மாளிகையில் பத்துக் கொலைகள் நடந்தன என்பார்கள். ஆவணங்களில் உறுதியாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று. ஸ்டர்லிங் மகளை மணந்த வழக்கறிஞர் வில்லியம் விண்டரின் கொலை அது. 1871 ஜனவரியில் ஒருவன் குதிரையில் வந்து வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று வெளியே இருந்து கூப்பிட்டான். வராந்தாவுக்கு வந்த விண்டரைச் சுட்டுவிட்டுப் போய்விட்டான். விண்டர் அங்கேயே இறந்தார். கதையில் அவர் குண்டடிபட்ட பிறகு வீட்டுக்குள் தள்ளாடி நடந்து, மாடிப்படியில் ஏறி, சரியாகப் பதினேழாவது படியில் மனைவியின் மடியில் உயிர்விடுகிறார். இன்றும் அந்தப் படிவரை காலடி ஓசை கேட்கிறது என்கிறார்கள். உள்நாட்டுப் போரில் தெற்கு தோற்று, அடிமைகள் விடுதலையாகி, நிலப்பிரபுக்கள் கடனில் மூழ்கி, ஊருக்கு ஊர் துப்பாக்கி பேசிய காலம் அது. விண்டர் குடும்பமே திவாலாகி, வீடு கைவிட்டுப் போய்த் திரும்பியிருந்தது. அந்தக் காலத்தின் வன்முறையைப் பற்றிப் பேச விண்டரின் கொலை நல்ல வாசல். பதினேழாவது படி அந்த வாசலை மூடிவிடுகிறது.

கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. சாவு வீட்டில் கண்ணாடியைத் துணியால் மூடும் வழக்கம் அங்கும் இருந்தது. சாரா மட்டில்டா இறந்தபோது இதை மூட மறந்ததால் அவரும் பிள்ளைகளும் உள்ளே சிக்கிக்கொண்டார்களாம், கறைகளெல்லாம் அவர்களுடைய கைரேகைகளாம். பழைய கண்ணாடிகளின் ரசப்பூச்சு ஈரத்தில் அரித்துப் போனால் இப்படிப்பட்ட கறைகள் வரும் என்பதோடு இதை விட்டுவிடலாம்.

க்ளோயிக்குத் திரும்பிப் போவோம். கதை பொய் என்று காட்டுவது எனக்கு முக்கியமே அல்ல. எல்லாப் பழைய வீட்டுக்கும் கதை சேரும். என்னைத் தொந்தரவு செய்வது, இந்தப் பொய் யாருக்குச் சாதகமாக வளைந்திருக்கிறது என்பதுதான். ஓர் எஜமானர் தன் பிடியில் இருக்கும் பெண்ணைப் பலாத்காரம் செய்கிறார், காதை அறுக்கிறார். கதை அதை வேகமாகக் கடந்துவிடுகிறது. அவள் பயம் வேலையை இழக்கும் பயம், அவள் குற்றம் பேராசை, அவள் ஆயுதம் விஷம். செத்தவர்கள் வெள்ளைக்கார அம்மாவும் குழந்தைகளும். அவளைத் தூக்கில் போட்டவர்களோ அவளோடு அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களே. எஜமானர் கையில் ரத்தமே இல்லாமல் கதை முடிகிறது. வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லாத ஒரு பெண்ணை, பதவியைக் காப்பாற்றத் திட்டம் போட்ட காதலியாக மாற்றிச் சொல்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

அதிலும் விஷம் என்ற அம்சம் வெறுமனே வந்ததல்ல. சமையலறை முழுவதும் அடிமைகளின் கையில் இருக்கும்போது எஜமானர்களுக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு பயம் இருந்தது. 1748இல் வர்ஜீனியா, அடிமைகள் தாமாக மருந்து கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டது. பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கில், அதாவது இன்றைய ஹெய்ட்டியில், விஷச் சதி செய்தார் என்று மக்கண்டால் என்பவரை 1758இல் உயிரோடு எரித்தார்கள். அங்கே அடிமைகளின் புரட்சி வென்றபின், அகதிகளில் 9,000க்கும் மேற்பட்டவர்கள் 1809, 1810 ஆண்டுகளில் கியூபா வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு அந்தப் பயமும் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1811இல் நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே ஆற்றங்கரைத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, கொல்லப்பட்டவர்களின் தலைகளைக் கம்பங்களில் குத்தி ஆற்றங்கரை நெடுக நட்டு வைத்தார்கள். க்ளோயி கதையில் பேசுவது இந்த எஜமானர்களின் பழைய பயம்தான், அடிமைகளின் அனுபவம் அல்ல. அரளியின் நச்சு இதயத் துடிப்பைக் குலைக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது வீட்டு முற்றத்து அழகுச் செடி. நம்பும்படி ஒரு விவரம் வேண்டியிருந்தது, அது கைக்கு எட்டும் தூரத்திலேயே பூத்திருந்தது.

உண்மையான கொடுமை பேய்க்கதையானாலும் இதே வளைவு வருகிறது என்பதற்கு நியூ ஆர்லியன்ஸின் ராயல் தெருவில் உள்ள லாலோரி மாளிகை சாட்சி. 1834 ஏப்ரல் 10 அன்று அந்த வீட்டில் தீப்பிடித்தது. சமையலறையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த வயதான பெண்தான் தீ வைத்தாள் என்று அக்காலத்திலேயே சொல்லப்பட்டது. தீயை அணைக்க வந்தவர்கள், பூட்டிய அறைகளிலிருந்து பட்டினியாலும் காயங்களாலும் உருக்குலைந்த ஏழு அடிமைகளை மீட்டார்கள். நகரப் பத்திரிகைகள் எழுதின, நீதிபதி ஒருவர் வாக்குமூலம் கொடுத்தார், ஊரே திரண்டு வீட்டைச் சூறையாடியது. எஜமானி டெல்ஃபின் லாலோரி பிரான்சுக்குத் தப்பிவிட்டார். எந்தத் தண்டனையும் இல்லை. இவ்வளவும் ஆவணத்தில் இருப்பது போதாதென்று, 1940களில் எழுதப்பட்ட பேய்க்கதைகளில் வாயால் சொல்ல முடியாத சித்திரவதை விவரங்கள் புதிதாகச் சேர்ந்தன. இன்று வழிகாட்டிகள் பலர் சொல்வது அவற்றைத்தான். லாலோரி ஒரு பைத்தியக்கார அரக்கி என்று ஆகிவிட்டால், அவரைச் சுற்றிச் சட்டப்படி அடிமைகளை வைத்திருந்த மற்ற எல்லா வீடுகளும் நல்ல வீடுகள் ஆகிவிடுகின்றன. இப்போது ராயல் தெருவில் நிற்கும் கட்டடமும் சூறையாடலுக்குப் பிறகு பெரிதாகத் திருத்திக் கட்டப்பட்டதுதான்.

மிர்ட்டில்ஸ் நிற்கும் மாவட்டத்தின் பெயர் வெஸ்ட் ஃபெலிசியானா. லூயிசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே வாழ்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அடிமைகள். பருத்திதான் எல்லாம். 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி நின்றதும், வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து பருத்தி நாட்டுக்கு மனிதர்களை விற்கும் உள்நாட்டு வியாபாரம் பெருகியது. உள்நாட்டுப் போர் வரை அப்படி இடம்பெயர்க்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்குக் குறையாது என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அந்த வியாபாரத்தின் மிகப் பெரிய புள்ளிகளில் ஒருவரான ஐசக் ஃபிராங்க்ளின், சம்பாதித்த பணத்தில் இதே வெஸ்ட் ஃபெலிசியானாவில் பெருந்தோட்டங்களை வாங்கினார். அவற்றில் ஒன்று அங்கோலா. இன்று அதே நிலத்தில்தான் லூயிசியானா மாநிலச் சிறைச்சாலை இருக்கிறது, மிர்ட்டில்ஸிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தூரத்தில். ஏறக்குறைய 18,000 ஏக்கர் நிலம், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகள், இன்றும் வயல் வேலை.

அப்புறம், மாளிகை ஓர் அமெரிக்கப் பழங்குடி இடுகாட்டின் மேல் கட்டப்பட்டது என்றும் சொல்வார்கள். டுனிகா மக்களின் இடுகாடு என்று பெயரோடு சொல்வார்கள். அதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனால் டுனிகா மக்களின் உண்மையான இடுகாடு ஒன்று இதே பாரிஷில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் அங்கோலா பக்கத்தில் வாழ்ந்தார்கள். 1960களின் கடைசியில் அந்தச் சிறையின் காவலர் ஒருவர், அவர்களுடைய கல்லறைகளைத் தோண்டி மணிகளையும் பாத்திரங்களையும் ஐரோப்பியப் பண்டங்களையும் டன் கணக்கில் எடுத்தார். விற்கவும் முயன்றார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. இறந்தவரோடு புதைத்த பொருள் கைவிடப்பட்ட பொருள் ஆகாது, அது அவர்களின் வழித்தோன்றல்களுக்கே சொந்தம் என்று 1986இல் லூயிசியானா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் பழங்குடிகளின் எலும்புகளையும் கல்லறைப் பொருட்களையும் திருப்பித் தர வகை செய்யும் தேசியச் சட்டம் வருவதற்கு இந்த வழக்கும் ஒரு படி. இப்படி ஒரு கதை அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது, இல்லாத இடுகாட்டை வைத்து ஏன் பயமுறுத்த வேண்டும்?

மிர்ட்டில்ஸில் வாழ்ந்த அடிமைகளின் உண்மைப் பெயர்களைத் தேடுவது சுலபமல்ல. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில் எஜமானரின் பெயர் மட்டும் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயருக்கு இடமே கிடையாது. பெயர் கிடைப்பது வேறொரு தாளில். எஜமானர் ஒருவர் இறந்தால் வாரிசுகளுக்குப் பிரிக்க அவருடைய சொத்தைப் பட்டியலிடுவார்கள். நிலம், மாடு, மேசை, வெள்ளிக் கரண்டி, அவற்றோடு மனிதர்களும். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, என்ன வேலை தெரியும், என்ன நோய் இருக்கிறது, என்ன விலை. லூயிசியானாவில் பிரெஞ்சு, ஸ்பானியச் சட்ட மரபு இருந்ததால் இப்படிப்பட்ட பத்திரங்களை எழுதிப் பாதுகாப்பது மற்ற மாநிலங்களைவிட ஒழுங்காக நடந்தது. பேய் வரும் என்று சொல்லும் அந்த வீட்டின் கூடத்தில், ஒரு கோடைக்கால வேலைநாளில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால், பதில் இந்த மாதிரித் தாள்களில்தான் இருக்கும்.

அதை ஒருவர் செய்து காட்டினார். செயின்ட் பிரான்சிஸ்வில்லுக்கு நேர் எதிர்க்கரையில் பாயின்ட் கூப்பே பாரிஷ் இருக்கிறது. வரலாற்றாசிரியர் குவென்டோலின் மிட்லோ ஹால் 1984இல் அங்குள்ள நீதிமன்றக் கட்டடத்தில் பழைய பத்திரக் கட்டுகளைப் பார்த்தார். அடிமைகளின் பெயர்களோடு, அவர்கள் ஆப்பிரிக்காவின் எந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதுகூட அவற்றில் எழுதியிருந்தது. பாரிஷ் பாரிஷாக, பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த பத்திரங்களைப் படித்து, 1820 வரை லூயிசியானாவில் வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை அவர் ஒரு தரவுத்தளமாக்கினார். 2000இல் அது வெளியானது. பிறகு யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கும்படி இணையத்திலும் வந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே வாலஸ் என்ற ஊரில் 2014இல் திறந்த விட்னி தோட்ட அருங்காட்சியகத்தில், அந்தப் பெயர்களைக் கருங்கல் பலகைகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பெரிய வீடு உண்டு. ஆனால் பார்வையாளர்களை முதலில் கூட்டிப் போவது பெயர்களிடம், பிறகு குடிசைகளிடம், கடைசியில்தான் வீட்டுக்கு.

தோட்ட மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வழிகாட்டி க்ளோயி கதையைச் சொல்லி முடித்ததும், 1834க்கு முன் இந்த வீட்டில் வேலை செய்தவர்களின் பெயர்களில் ஒன்றையாவது சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஸ்டர்லிங் 1854இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலைப் பற்றிக் கேளுங்கள். பிராட்ஃபோர்ட் காலத்துப் பெயர் ஏதாவது தெரிந்தால், அதை ஹாலின் தரவுத்தளத்தில் தட்டிப் பாருங்கள். கிடைத்தால் வயதும் இனமும் செய்த வேலையும், சில சமயம் தாயின் பெயரும் கூடக் கிடைக்கும்.